எடைக் குறைப்புத் தீர்மானம்

மனித குலத்தின் சகல துன்பங்களுக்கும் மூலகாரணம் எடைதான் என்கிற பேருண்மை, இரும்பு பீரோ செய்யும் ஒரு தொழிற்சாலையின் கூட்ட அறையில்தான் முதன்முதலாக வெளிப்பட்டது. வெளிப்படுத்தியவர் முதலாளி. அவர் கூரையில்லாத ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று வாங்கியிருந்தார். ரத்தச் சிவப்பு. இரண்டே சீட். நாலு பேர் கை கொடுத்தால் தூக்கிவிடலாம் போல அத்தனை லேசு. ஸ்டார்ட் செய்தால் மட்டும் தெருவே எழுந்து உட்காரும்.

இந்தக் காரை வாங்கலாமா, வேண்டாமா என்று ஆராய நிர்வாகக் குழு கூட்டப்பட்டது. கார் ஏற்கெனவே வாசலில் வந்து நின்றுவிட்டபடியால், உறுப்பினர்கள் அச்சமின்றிக் கருத்துச் சொல்லலாம் என்று சுற்றறிக்கை தைரியம் அளித்தது.

சுற்றறிக்கையை எழுதியவர் ஊழியர் விவகாரம் பார்க்கும் பர்சனல் ஆபீசர். முதலாளி தும்மினால் தன் மூக்கைத் துடைத்துக்கொள்கிற அளவுக்கு விசுவாசி. ஆனால் அன்று அவருக்கே ஒரு சிக்கல் முளைத்திருந்தது. காருக்கு ஷெட் வேண்டும். ஷெட்டுக்கு இடம் எது என்றதற்கு, வாசலிலிருந்த வாட்ச்மேன் கூண்டைப் பார்த்து முதலாளி விரலை நீட்டியிருந்தார். கூண்டே போன பிறகு வாட்ச்மேன் எதற்கு? அந்த வாட்ச்மேனோ ஆபீசரின் மனைவிக்கு ஒரே தம்பி. சிபாரிசு செய்து சேர்த்துவிட்டவரும் இவர்தான்.

"என் தம்பி வேலை போச்சுன்னா இந்த வீட்டுப் பக்கம் வந்துராதீங்க. அந்தக் கார்லயே குடித்தனம் பண்ணிக்குங்க" என்று டிபன் டப்பாவை நீட்டியபடியே அம்மையார் தீர்ப்புச் சொல்லி அனுப்பியிருந்தார்.

விவாதம் தொடங்கியது. அக்கவுண்டன்ட் அம்மா கண்ணாடியைக் கழற்றினார்.

"சார், ரெண்டு சீட்தான் இருக்கு. உங்க வீட்டுல அஞ்சு பேராச்சே?"

"பின்சீட் வெச்சா யாராவது வந்து உக்காருவாங்கம்மா. உக்காந்தா எடை. எடை ஏறினா ஓட்டுற சுகமே போச்சு."

இது 'தொலைநோக்கு' என்று குறித்துக்கொள்ளப்பட்டது.

"டிக்கியில என்ன சார் வைக்கலாம்?"

"ஒரு தலையணை வைக்கலாம்."

"தலையணை எதுக்கு சார்?"

"முதுகுக்கும்மா. ரோட்டுல கெடக்கிற காசு மேல ஏறினாக்கூட, அது தலையா பூவான்னு முதுகு சொல்லிடுது."

இது 'சாலையோடு நேரடித் தொடர்பு' என்று பதிவாயிற்று.

அடுத்து டிசைன் இன்ஜினியர் எழுந்தார். அவருக்குப் பதவி உயர்வு பாக்கியிருந்தது. "இன்ஜின் சின்னதுதான் சார். ஆனா பெரிய இன்ஜின் முனகிக்கிட்டே செய்யற வேலைய இது அலறி அடிச்சுக்கிட்டுச் செய்யும். மீட்டர் முள்ளு சிவப்புக் கோட்டை நெருங்கினாத்தான் இதுக்கு உசுரே வரும்!"

முதலாளியின் கண்கள் பனித்தன.

"இதைத்தான்யா உங்க எல்லார்கிட்டயும் எதிர்பாத்தேன்! எடை கம்மி, ஓட்டம் ஜாஸ்தி. நீங்க என்னடான்னா முனகுறதோட நிறுத்திக்கிறீங்க."

அந்தக் கணத்தில் கார், வாகனம் என்ற தாழ்ந்த நிலையிலிருந்து கம்பெனிக் கொள்கை என்ற உயர்ந்த நிலைக்குச் சென்றது. அறையிலிருந்த ஒவ்வொருவரும் தங்கள் வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டார்கள்.

"முதல்ல வாசல்ல இருக்கிற எடையிலேருந்து ஆரம்பிப்போம்" என்றார் முதலாளி.

அந்த எடை வாட்ச்மேன்தான் என்று ஆபீசருக்குப் புரிந்துவிட்டது. ஒரு பக்கம் முதலாளி, மறுபக்கம் டிபன் டப்பா. எப்படி எழுந்தார் என்று அவருக்கே தெரியாது.

"சார், இவ்வளவு லேசான காரை எவனாவது நாலு பேர் அலாக்காத் தூக்கிட்டுப் போயிட்டா?"

முதலாளியின் முகம் வெளுத்தது.

"ஆளு இருக்கட்டும் சார். அனாவசிய எடையை மட்டும் கழட்டிடலாம். கூண்டு எடை. ஃபேன் எடை. நாற்காலி இருந்தா உக்காருவான். இதையெல்லாம் எடுத்துட்டா நிப்பான், நடப்பான், காரையே சுத்திச் சுத்தி வருவான். கார்ல என்ன தத்துவமோ, அதே தத்துவம் சார் வாட்ச்மேன்லயும்!"

கைதட்டலில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. "நீதான்யா நம்ம கம்பெனியோட மூளை" என்று முதலாளி ஆபீசரின் முதுகில் தட்டினார். கூரையில்லாத காருக்குக் கூரை போட்ட ஷெட்டும், கூரையோடிருந்த வாட்ச்மேனுக்குக் காற்றோட்டமான திறந்தவெளியும் வழங்குவதென்று தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.

"உன் தம்பி வேலையக் காப்பாத்திட்டேன்" என்று வீட்டில் அறிவித்தபோது, ஆபீசரின் தட்டில் கேட்காமலேயே இன்னொரு கரண்டி சாதம் விழுந்தது.

ஷெட் எழும்பிய பிறகு ஒருநாள் மதியம், தன் சாதனையைக் கண்ணால் காண ஆபீசர் வாசலுக்கு வந்தார். காருக்கு நல்ல நிழல். மைத்துனன் கேட்டுக்கு வெளியே தெருவையும் சேர்த்து வெயிலில் வலம் வந்துகொண்டிருந்தான். மெலிந்திருந்தான். எடைக் குறைப்பு நன்றாக வேலை செய்திருந்தது.

"என்னடா மச்சான், எப்படி இருக்கு?"

"வேலை போகலையே அத்தான், அது போதும். நீங்க மட்டும் இல்லேன்னா நடுத்தெருவுல நின்னுருப்பேன்" என்றான் அவன், நடுத்தெருவில் நின்றபடி.

முதலாளி வெளியே கிளம்பினார். கார் அலறிக்கொண்டு ஷெட்டைவிட்டு வந்தது. மைத்துனன் ஓடிப்போய் கேட்டைத் திறந்து சல்யூட் வைத்தான். அதுவரை வெயில் காய்ந்த வானம் திடீரென்று கறுத்துச் சடசடவென்று பொழிந்தது. முதலாளி பதறவில்லை. விரலால் எதையோ அமுக்கினார். பின்னால் மடிந்துகிடந்த துணிக் கூரை எழுந்து, குழந்தைக்குப் போர்த்துவதுபோல அவரைப் பதமாக மூடியது. கார் போய்விட்டது.

ஆபீசர் ஒரே தாவலில் ஷெட்டுக்குள் ஒதுங்கினார். மைத்துனன் மட்டும் நகரவில்லை. ஷெட் காருக்கு மட்டுமே என்பது தீர்மானம். சல்யூட் வைத்த கை நெற்றியிலேயே இருக்க, முழங்கை வழியாகத் தண்ணீர் ஒழுகியது.

"அத்தான், அந்தக் காரும் நானும் ஒரே தத்துவம்னு கூட்டத்துல சொன்னீங்களாமே?"

"ஆமாண்டா" என்றார் ஆபீசர் பெருமையோடு.

"மழை வந்தா அதுக்கு ஒரு பட்டன் இருக்கு, பாத்தேன். என்கிட்ட அந்தப் பட்டனை எங்க வெச்சிருக்கீங்க அத்தான்? தேடித் தேடிப் பாக்கறேன், கெடைக்கவே மாட்டேங்குது."