ராஜா சாகாத வருடம்

மேற்கே ஒரு காட்டில் வருடத்துக்கு ஒருமுறை ராஜா சாவார். நிஜ ராஜா அல்ல. நிஜ ராஜாவான சிங்கம் எப்போதோ நிர்வாகத்தைக் குழுவிடம் ஒப்படைத்துவிட்டு மகள் வீட்டோடு போய்விட்டது. இது நாடக ராஜா.

மழை விட்டதும் ஆற்றங்கரைப் பாறைப் பள்ளத்தில் விலங்குகளெல்லாம் கூடும். அங்கே துன்பியல் நாடகம் நடக்கும். பக்கத்துக் காடுகளில் இந்த வழக்கம் நின்றுபோய்ப் பல காலமாகிவிட்டது. அங்கெல்லாம் மாமியார் மருமகள் சிரிப்பு நாடகம்தான். இந்தக் காட்டில் மட்டும் இன்னும் ராஜா செத்துக்கொண்டிருந்தார்.

நாடகம் எழுதுவது அமிர்தகடேசன் என்ற முள்ளம்பன்றி. எல்லோரும் அதை வாத்தியார் என்றுதான் கூப்பிடுவார்கள். ராஜாவாக நடிப்பது கஜபதி என்ற காட்டெருமை. கஜபதிக்குப் பாட்டு வராது. வசனம் பாதி மறந்துபோகும். ஆனால் சாவதில் அதற்கு இணை கிடையாது. முதலில் முன்னங்கால்கள் மடியும். பிறகு ஒருமுறை வானத்தைப் பார்க்கும். பிறகு முழு உடம்பும் ஒரே விழுகையாக விழும். தரை அதிரும். மரத்திலிருக்கும் பறவைகள் எல்லாம் எழுந்து பறக்கும். உடனே பள்ளம் முழுக்க அழ ஆரம்பிக்கும். கழுதைப்புலி அழுதாலும் சிரிப்பது போலவே கேட்கும் என்பதால் அதை மட்டும் கடைசி வரிசையில் உட்கார வைப்பார்கள்.

அழுது முடித்து வீட்டுக்குப் போனால் எல்லோருக்கும் நன்றாகத் தூக்கம் வரும். மறுநாள் புலிகூடக் கொஞ்சம் நேரம் கழித்துத்தான் வேட்டைக்குக் கிளம்பும்.

கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். எதிரி வருகிறான் என்று கேள்விப்பட்ட ராஜா, கோபத்தில், ஆற்றுப் பாலத்தை வெட்டச் சொல்வார். கொஞ்சம் பொறுங்கள் என்று மந்திரி கெஞ்சுவார். ராஜா கேட்கமாட்டார். அந்த நேரம் பார்த்து ராஜாவின் மகள் பாலத்தில் வந்துகொண்டிருப்பாள். சேதி சொல்ல வேண்டிய ஆமை, எல்லாம் முடிந்த பிறகு வந்து சேரும். ராஜா சேதியைக் கேட்பார், விழுவார்.

அந்த வருடம் பார்வையாளர் நலக்குழு என்று ஒன்றை அமைத்தார்கள். அதற்குச் செயலாளராக வந்தது காந்திமதி என்ற முயல். நல்ல முயல். யார் கஷ்டப்பட்டாலும் அதற்குத் தாங்காது. தொல்லையே அங்கேதான் ஆரம்பித்தது.

ஒத்திகையைப் பார்த்துவிட்டு காந்திமதி தேம்பித் தேம்பி அழுதது. அழுது முடித்ததும் கையைத் தூக்கியது.

"சார், ஒரு சந்தேகம். அந்தப் பொண்ணு பாலத்துல வர்றப்ப அப்பாவுக்கு ஒரு ஃபோன் போட்டிருக்கலாம்ல?"

"அந்தக் காலத்துல ஃபோன் கிடையாதும்மா," என்றது அமிர்தகடேசன்.

"பாக்கறவங்க இந்தக் காலத்துலதானே சார் இருக்காங்க. ஆளாளுக்குக் கையில ஃபோன வச்சுக்கிட்டு, ஒரு பொண்ணு சாகறத எப்படிப் பாத்துட்டு இருப்பாங்க?"

அமிர்தகடேசன் யோசித்தது. பெண் ஃபோன் செய்கிறாள், கோபத்தில் இருக்கும் ராஜா எடுக்கவில்லை என்று மாற்றி எழுதியது. எழுதிய பிறகு அதற்கே பிடித்துப்போனது. பெண்ணைப் பறிகொடுத்த அப்பாவின் கையில் ஒரு மிஸ்டு கால். அதைக் கேட்ட கஜபதி, "வாத்தியாரே, இதுக்கு நான் இன்னும் நல்லா விழுவேன்," என்றது.

மறுநாள் காந்திமதி ஒரு கிளியைக் கூட்டிக்கொண்டு வந்தது. மனநல ஆலோசனை சொல்லும் கிளி. ராஜாவின் வசனங்களைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுவிட்டு அது சொன்னது:

"இவருக்குக் கோபம் ஜாஸ்தி. சின்ன வயசுல யாரோ திட்டியிருக்காங்க. நாலஞ்சு தடவை உக்காந்து பேசினா சரியாயிடும்."

"சரியாயிட்டா பாலத்த வெட்டச் சொல்லமாட்டாரேம்மா," என்றது அமிர்தகடேசன். "அப்புறம் நாடகம் ஏது?"

"சார், நாடகம் முக்கியமா, ராஜாவோட மனசு முக்கியமா?"

குழு முழுவதும் அமிர்தகடேசனையே பார்த்தது. இந்தக் கேள்விக்கு நாடகம் என்று பதில் சொல்லும் தைரியம் எந்த முள்ளம்பன்றிக்கும் கிடையாது. "மனசுதான்," என்றது அது.

அதன் பிறகு எல்லாம் சரசரவென்று நடந்தது. ராஜாவின் விதியைச் சொல்லும் ஜோசியர் காட்சி, மூடநம்பிக்கையைப் பரப்புகிறது என்று வெட்டப்பட்டது. பாலத்துக்கு இரண்டு பக்கமும் கைப்பிடி வைத்தார்கள், கீழே வலை கட்டினார்கள். எதிரியைப் பற்றித் தப்பாகப் பேசுவது அக்கம்பக்கத்துக் காட்டுக்காரர்கள் மனதைப் புண்படுத்தும் என்பதால் எதிரி விருந்தாளி ஆனான். கடைசியாக ஒரு குரங்கு எழுந்து, நம் காட்டிலேயே ராஜா இல்லாதபோது நாடகத்தில் மட்டும் எதற்கு ராஜா, நம்மைப் போல ஒருவரைப் போடுங்கள் என்றது. ராஜா, பாலத்தடியில் டிக்கெட் கிழிக்கும் குமாஸ்தா ஆனார்.

கஜபதி தயங்கித் தயங்கி வந்து கேட்டது.

"வாத்தியாரே, குமாஸ்தா எங்கேருந்து விழுவான்?"

"ஸ்டூல்லேருந்து."

"எவ்வளவு உயரம் இருக்கும்?"

அமிர்தகடேசன் கையால் காட்டியது. கஜபதி அந்த உயரத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தது.

"இதுக்கு நான் எதுக்கு? ஒரு ஆட்டுக்குட்டி போதுமே."

அந்த விழுகைகூட நடக்கவில்லை. ஸ்டூலுக்குச் சாய்மானம் வேண்டும் என்று காந்திமதி சொல்லிவிட்டது.

நாடகத்தன்று வழக்கம்போல எல்லா விலங்குகளும் கைக்குட்டையோடு வந்தன. திரை விலகியது. குமாஸ்தாவின் ஃபோன் அடித்தது. முதல் மணியிலேயே எடுத்தார்.

"அப்பா, பாலத்துல வந்துக்கிட்டிருக்கேன்."

"சரிம்மா, கைப்பிடியப் புடிச்சுக்கிட்டு வா."

மகள் வந்தாள். விருந்தாளியும் வந்தார். மூவரும் சாப்பிட்டார்கள். திரை விழுந்தது. பாதிப் பேர் இன்னும் இடம் தேடி உட்காரக்கூட இல்லை. காந்திமதி மட்டும் எழுந்து நின்று கை தட்டியது. மற்றவை கொஞ்ச நேரம் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு இருந்துவிட்டு, உலர்ந்த கைக்குட்டைகளை மடித்துக்கொண்டு கிளம்பின. எல்லோரும் போன பிறகு சேதி சொல்லும் ஆமை மேடைக்கு வந்து, "அரசே, நான் தாமதித்துவிட்டேன்," என்று காலிப் பள்ளத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டுத் திரும்பிப் போனது.

அழக் கொண்டுவந்த அழுகை எல்லோருக்குள்ளும் அப்படியே தங்கிவிட்டது. யாருக்கும் தூக்கம் வரவில்லை. மறுநாளிலிருந்து அது கண்ட இடத்தில் வெளியே வர ஆரம்பித்தது.

தேன் கொஞ்சம் கசக்கிறது என்று கரடி மார்பில் அடித்துக்கொண்டு அழுதது. அனுப்பிய செய்திக்கு நீல டிக் விழுந்தும் பதில் வரவில்லை என்று அணில் சாப்பாட்டை விட்டது. ரேஷன் கடையில் சர்வர் வேலை செய்யவில்லை என்றதும், வரிசையில் நின்ற குரங்கு கவுண்டர் மேல் ஏறி நின்று, "வானமே, இதைப் பார்க்கவா என்னைப் பெற்றார்கள்," என்று ஆரம்பித்துத் தன் வாழ்க்கை முழுவதையும் சொன்னது. பின்னால் நின்றவை கண்ணீர் விட்டன. பிறகு ஒவ்வொன்றும் தன் முறை வந்ததும் அதேபோல மேலே ஏறிப் பேசியது. சர்வர் சரியான பிறகும் வரிசை நகரவில்லை.

ஒருநாள் புலி ஒரு மானைப் பிடித்தது. மான் தன்னை விடச் சொல்லிக் கெஞ்சவில்லை. தன் கதையைச் சொல்ல ஆரம்பித்தது. பாதிக் கதையில் புலி குறுக்கிட்டுத் தன் கதையைச் சொன்னது. இரண்டும் ஒன்றுக்கொன்று ஆறுதல் சொல்லிவிட்டுப் பிரிந்தன. புலி அன்று பட்டினி.

கஜபதியின் நிலைமைதான் மோசம். அது இளைத்துவிட்டது. அமிர்தகடேசனின் வளை வாசலில் வந்து தலையைக் குனிந்துகொண்டு நிற்கும்.

"ஒரு தடவை விழணும் வாத்தியாரே. உடம்பு கேக்குது."

"வீட்டுலயே விழுந்துக்கோ. யார் வேணாங்கறா?"

"பாக்க ஆளில்லாம விழுந்தா அது சாவு இல்ல வாத்தியாரே. தடுக்கி விழறது."

அமிர்தகடேசனும் எழுதுவதை நிறுத்தியிருந்தது.

இப்படி இருக்கும்போது காந்திமதிக்கு ஒரு கஷ்டம் வந்தது. ஆற்றங்கரையில் உயரமான பாறை மேல் நின்று தன்னையே படம் எடுத்துக்கொண்டிருந்தது. கை நழுவி ஃபோன் ஆற்றில் விழுந்தது.

காந்திமதி பாறையிலேயே மண்டியிட்டது. "நேத்துதானே உனக்குப் புது உறை போட்டேன்," என்று தொடங்கியது. "பக்கத்துல வச்சுக்கிட்டுதானே தூங்குவேன். பிடிச்சுக்கிட்டிருந்த இந்தக் கையாலயே உன்ன விட்டுட்டேனே." குரல் கேட்டு ஓணான் வந்தது. குரங்கு வந்தது. சாயங்காலத்துக்குள் காடே வந்து பள்ளத்தில் உட்கார்ந்துவிட்டது. எல்லோரும் அழுதார்கள். பல மாதமாக உள்ளே கிடந்ததெல்லாம் அன்று வெளியே வந்தது. அன்று எல்லோரும் நன்றாகத் தூங்கினார்கள். மறுநாள் ரேஷன் வரிசை மளமளவென்று நகர்ந்தது.

குழு உடனே கூடியது. காந்திமதி வருடாவருடம் ஒரு ஃபோனை ஆற்றில் விட வேண்டும் என்று கரடி சொன்னது. "இன்னொரு தடவை என்னால தாங்க முடியாது," என்றது காந்திமதி. "நாடகமா போட்டுக்கலாம்."

அது நேராக அமிர்தகடேசனிடம் வந்தது. கஜபதியும் அப்போது வாசலில் நின்றுகொண்டிருந்தது.

"சார், ஃபோன் சாகறத நீங்க நாடகமா எழுதித் தரணும்."

அமிர்தகடேசனின் முட்கள் எல்லாம் எழுந்து நின்றன.

"ராஜா சாகக் கூடாது. ஃபோன் சாகலாமா?"

"கோவிச்சுக்காதீங்க சார். ராஜாவ நாங்க யாரும் பாத்ததே இல்ல. ஃபோன் எங்க கூடவே இருந்துச்சு."

முட்கள் ஒவ்வொன்றாகப் படிந்தன. முடியாது என்று சொல்லத்தான் அமிர்தகடேசன் வாயைத் திறந்தது. அதற்குள் கஜபதி கேட்டது:

"ஏம்மா, ஃபோன் எங்கேருந்து விழும்?"

"பாறை மேலேருந்துண்ணே. ஆத்துக்குள்ள."

"நல்ல உயரமா?"

"நல்ல உயரம்."

கஜபதி தன் வாத்தியாரைப் பார்த்தது. அப்படி அது யாரையும் பார்த்ததில்லை. அமிர்தகடேசன் எழுத உட்கார்ந்தது.

நாடகத்தன்று கழுதைப்புலிக்குக்கூட முன்வரிசையில் இடம் கொடுத்தார்கள். கஜபதி மார்பில் ஒரு கறுப்புப் பலகையைக் கட்டிக்கொண்டு பாறை உச்சியில் நின்றது. காந்திமதி காந்திமதியாகவே நடித்தது.

"பதினைந்து சதவீதம்," என்றது கஜபதி, பழைய ராஜாவின் அதே குரலில்.

பள்ளத்தில் சத்தம் அடங்கியது.

"ஐந்து சதவீதம். என் கண் இருட்டுகிறது. ஆனால் இன்னும் ஓர் அழைப்புக்கு என்னிடம் உயிர் இருக்கிறது. சொல், காந்திமதி, நான் யாரைக் கூப்பிட வேண்டும்? எண்ணைச் சொல்."

காந்திமதி வாயைத் திறந்தது. மூடியது.

"எனக்கு எந்த எண்ணும் தெரியாது," என்றது. "அம்மாவின் எண்ணும் தெரியாது. எல்லாவற்றையும் உன்னிடம்தானே கொடுத்து வைத்தேன்."

பள்ளத்தில் ஒவ்வொரு விலங்கும் தன் அம்மாவின் எண்ணை மனதுக்குள் சொல்லிப் பார்த்தது. யாருக்கும் வரவில்லை. ஓணான் வாய்விட்டு அழுதது.

"ஒரு சதவீதம்," என்றது கஜபதி. முன்னங்கால்கள் மடிந்தன. வானத்தை ஒருமுறை பார்த்தது. பிறகு முழு உடம்பும் உச்சியிலிருந்து ஆற்றில் விழுந்தது. கரை அதிர்ந்தது. மரத்துப் பறவைகள் எல்லாம் எழுந்து பறந்தன. பாறைக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்த அமிர்தகடேசன், இப்படி ஒன்றை எழுதிவிட்டோமே என்று முதலில் வெட்கப்பட்டது. பிறகு அதை மறந்துவிட்டு அதுவும் அழுதது. அது எழுதியதிலேயே சிறந்த சாவு அதுதான்.

கஜபதி ஆழமில்லாத தண்ணீரில் மல்லாந்து, கண்ணை மூடிக்கொண்டு, அசையாமல் கிடந்தது. அதன் முகத்தில் அவ்வளவு நிம்மதி.

அப்போது காந்திமதி கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தது.

"தண்ணில விழுந்த ஃபோன அரிசில போட்டு வச்சா பொழச்சுக்கும்," என்றது. "யார் வீட்டுல அரிசி இருக்கு?"

எல்லோர் வீட்டிலும் இருந்தது. விலங்குகள் விழுந்தடித்துக்கொண்டு ஓடின. மூட்டை மூட்டையாக வந்தது. ரேஷன் கடையையும் திறந்து எடுத்து வந்தார்கள். இருபுறமும் பிடித்துக் கஜபதியைக் கரைக்கு இழுத்துப் போட்டு, கொம்பு நுனி மட்டும் வெளியே தெரிய, மேலே அரிசியைக் கொட்டி மூடினார்கள். யாரும் தொடக்கூடாது என்று காந்திமதி சொல்லிவிட்டது. எல்லோரும் நம்பிக்கையோடு கலைந்து போனார்கள்.

அமிர்தகடேசன் மட்டும் அந்தக் குவியலிடம் வந்தது. உள்ளேயிருந்து மெல்லும் சத்தம் கேட்டது.

"கஜபதி, வெளிய வா. இவ்வளவு அழகா செத்த. அதையும் கெடுத்துட்டாங்க."

மெல்லும் சத்தம் நின்றது.

"சத்தமாப் பேசாதீங்க வாத்தியாரே," என்றது குவியல். "நான் இன்னும் காயல."

*

நீதி: ராஜாவாகச் செத்தால் கண்ணீர் மட்டும்தான் கிடைக்கும். ஃபோனாகச் செத்தால் அரிசியும் கிடைக்கும்.