நான் அச்செடுத்த தீர்ப்பு

சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தில் சரக்குகளின் தாள்களைச் சரிபார்ப்பது என் வேலை. மற்றவர்களின் தப்பைக் கண்டுபிடித்தே பதவி உயர்வு வாங்கியவன். அப்படிப்பட்ட நான் வாழ்க்கையில் ஒரே ஒரு தாளைப் படித்துப் பார்க்காமல் விட்டேன். அதைத்தான் இருநூறு பேர் முன்னால் என் காதலி உரக்க வாசித்தாள்.

அப்போது எனக்கு இருபத்தெட்டு வயது. ஆங் மோ கியோவில் அம்மாவோடு இருந்தேன். ஸ்டெல்லா பொங்கோலில் அவள் அப்பாவோடு இருந்தாள். அவர் பெயர் அருள்தாஸ், பேருந்து ஓட்டுநர், ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குத் தவறாதவர். எங்கள் காதல் அவருக்குத் தெரியும். “பையன் ஞானஸ்நானம் வாங்கட்டும், அப்புறம் பேசலாம்” என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். என் அம்மாவுக்கு விஷயமே தெரியாது. (வெள்ளிக்கிழமை தவறாம சிராங்கூன் ரோடு கோயில்ல நிக்கிறவங்ககிட்ட இத எப்படிச் சொல்றது?) “இதெல்லாம் அப்புறம் பேசிக்கலாம்” என்றாள் ஸ்டெல்லா. அப்புறம் என்பது எனக்கு மிகவும் பிடித்த நாள்.

அந்தச் சமயத்தில்தான் முத்தையா அண்ணன் லிட்டில் இந்தியாவுக்குப் பக்கத்துச் சமூக மன்றத்தில் ஒரு நாடகம் போட்டார். வாங்கிய கடனைத் திருப்பித் தர முடியாத வியாபாரியின் நெஞ்சிலிருந்து வட்டிக்காரன் ஒரு ராத்தல் சதை கேட்பானே, அந்தப் பழைய ஆங்கில நாடகம், தமிழில். நான் வட்டிக்காரன். ஸ்டெல்லா என்னை மடக்கித் தீர்ப்புச் சொல்லும் வழக்கறிஞர்.

மூல நாடகத்தில் வட்டிக்காரனை அவன் மதத்தைச் சொல்லித்தான் எல்லோரும் இழிவுபடுத்துவார்கள். அதனால்தான் அவனுக்கு அவ்வளவு வன்மம். கடைசியில் கருணை காட்டுகிறோம் என்று சொல்லி அவனை மதம் மாறவும் வைப்பார்கள். ஏற்பாட்டுக் குழு இதைப் படித்துவிட்டு, “மதம் கிதம் எல்லாம் வேணாம் லா” என்று சொல்லிவிட்டது. முத்தையா அண்ணன் உட்கார்ந்து மாற்றி எழுதினார். புது வரைவில், வட்டிக்காரன் உணவங்காடியில் எங்கள் ஊர் வழக்கப்படி டிஷ்யூ பாக்கெட் வைத்து இடம் பிடித்திருந்த மேசையில், அதைத் தூக்கிப் போட்டுவிட்டு வியாபாரி உட்கார்ந்துவிடுகிறான். வன்மத்துக்கு அதுதான் காரணம். கேட்டவர்கள் எல்லோரும், இதற்குச் சதையை அறுக்கலாம், தப்பில்லை என்றார்கள். தண்டனையும் மாறியது. வட்டிக்காரன் ஒரு மாதம் உணவங்காடியில் மற்றவர்கள் சாப்பிட்ட தட்டு எடுக்க வேண்டும்.

கடைசிக் காட்சியை அண்ணன் எத்தனையோ முறை திருத்தியதால் ஸ்டெல்லாவால் மனப்பாடம் செய்ய முடியவில்லை. தீர்ப்பை ஓலைச்சுருள் மாதிரி செய்து பார்த்தே படிக்கலாம் என்று முடிவானது. அதை அச்செடுத்து ஒட்டும் பொறுப்பை நானே கேட்டு வாங்கினேன். “தாள் விஷயத்த எங்கிட்ட விடுங்கண்ணே” என்று சொன்ன ஞாபகம்கூட இருக்கிறது.

நாடகத்தன்று முன்வரிசையில் அருள்தாஸையும் அம்மாவையும் பக்கத்துப் பக்கத்தில் உட்காரவைத்தோம். முடிந்ததும் தேநீரோடு மெதுவாக விஷயத்தைச் சொல்வதாகத் திட்டம். கடைசிக் காட்சிவரை எல்லாம் நன்றாகவே போனது. ஸ்டெல்லா சுருளை விரித்தாள்.

“கருணையினால் உன்னை உயிரோடு விடுகிறோம். பதிலுக்கு நீ இன்றே உன் மதத்தை விட்டு எங்கள் மதத்தில் சேர வேண்டும்.”

பாதியில் அவள் குரல் தடுமாறியது. ஆனாலும் முடித்துவிட்டாள். (அவ நர்ஸ். எழுதியிருக்கறத எழுதினபடி செஞ்சே பழக்கம்.)

நான் அச்செடுத்தது பழைய வரைவு என்று அந்த நேரத்தில் எனக்கு உறைக்கவே இல்லை. அப்பாவின் நிபந்தனையை இவள் மேடையிலேயே கேட்கிறாள் என்றுதான் நினைத்தேன். வசனமெல்லாம் மறந்துபோனது.

“ஸ்டெல்லா, இத அப்புறம் பேசலாம்னுதானே சொன்ன. அம்மாகிட்ட நான் இன்னும் சொல்லவே இல்ல.”

சட்டையில் குத்தியிருந்த மைக் இதைக் கடைசி வரிசைவரை கொண்டு சேர்த்தது.

அம்மா எழுந்து நின்றார். “என்னடா சொல்லல?”

அரங்கமே சிரித்தது. இதுவும் நாடகம் என்று நினைத்துவிட்டார்கள். திரைக்குப் பின்னாலிருந்து முத்தையா அண்ணன், “மண்டி போடு, மண்டி போடு” என்று பல்லைக் கடித்தார். போட்டேன். எனக்கு நிஜமாகவே அழுகை வந்தது. ஸ்டெல்லா எனக்கு இல்லை என்று அப்போதுதான் முதன்முதலாக நம்பினேன். கண்ணீரில் நனைந்து ஒட்டுத்தாடி ஒரு பக்கமாகத் தொங்கியது.

அப்போது அருள்தாஸ் எழுந்தார்.

“போதும் பாப்பா. அந்தப் பையன எழுந்திரிக்கச் சொல்லு. மண்டி போட வச்சு ஒருத்தன மதம் மாத்துறது நல்லா இல்ல. நான் சொன்னதும் தப்புதான்.”

கைதட்டல் அடங்கவே இல்லை. முத்தையா அண்ணன் விவரமானவர். உடனே திரையை இழுத்துவிட்டார். நீதிமன்றக் காட்சி முழுக்கப் பேசிப் பேசியும் வராத கருணை, முன்வரிசையிலிருந்த ஒரு பேருந்து ஓட்டுநரிடமிருந்து வந்தது.

தேநீர் மேசையில் ஸ்டெல்லா சுருளைப் பிரித்து வைத்தாள். “நான் வேணும்னு படிக்கலப்பா. இவன் பழைய பேப்பர பிரிண்ட் எடுத்திருக்கான்.”

அருள்தாஸ் அதை இரண்டு முறை படித்தார். தேநீரை ரொம்ப நேரம் கலக்கினார். “இருநூறு பேர் கைதட்டிட்டாங்க லா. இனிமே எப்படி மாத்திச் சொல்றது?”

அம்மா என்னோடு மூன்று வாரம் பேசவில்லை. ஸ்டெல்லாவோடு மட்டும் தினமும் தொலைபேசியில் பேசினார், என்னைத் திட்டுவதற்காக. அதிலேயே இருவரும் நெருங்கிவிட்டார்கள். தேவாலயத்தில் ஒரு கல்யாணம், கோயிலில் ஒரு கல்யாணம் என்று இரண்டு முறை தாலி கட்டினேன்.

போன மாதம் மகளுக்காக ஒரு விண்ணப்பப் படிவத்தை அச்செடுத்து மேசையில் வைத்தேன். மதம் என்ற கட்டத்துக்கு வந்ததும் பேனா நின்றுவிட்டது. ஒரு பக்கம் அம்மா, ஒரு பக்கம் மாமனார், இருவரும் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாமனார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படிவத்தை முதலிலிருந்து படித்தார்.

“இது புது ஃபார்ம்தானா மாப்பிள்ள? நல்லாப் பாத்துக்குங்க. போன தடவ பழசக் கொண்டுவந்து என்னையில்ல மாத்திட்டீங்க.”

முதலில் சிரித்தது அம்மாதான்.