பந்தை விட்டுவிட்டுப் போன டிரஸர்

பந்தை உதைப்பதில் எங்கள் டிரஸருக்கு ஈடாகப் பேராக்கில் ஓர் ஆள் கிடையாது. உதைக்க வேண்டிய நேரத்தில் உதைக்காமல் விடுவதிலோ, மலாயா முழுவதிலுமே கிடையாது. இரண்டையும் பக்கத்தில் நின்று பார்த்தவன் நான். ஆகையால் இந்த விஷயத்தில் என்னோடு யாரும் வாதுக்கு வர வேண்டாம்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளில் நடந்தது இது. சுங்காய்க்கும் சிலிம் ரிவருக்கும் நடுவே ஒரு ரப்பர் தோட்டத்தில் நான் ஆபீஸ் கிராணி, அதாவது கணக்கெழுதும் குமாஸ்தா. எனக்கு மேலே பெரிய கிராணி ஒருவர் இருந்ததால் என் பெயர் ‘சின்னக் கிராணி’ ஆயிற்று. பகலெல்லாம் பேரேடு. சாயங்காலமானால் தோட்டத்துக் கால்பந்துக் கோஷ்டியின் சென்டர் பார்வர்டு.

எங்கள் ஆட்டமுறை மிகவும் எளிமையானது. பந்து எங்கே போகிறதோ அங்கே பதினொரு பேரும் ஓடுவோம். கோல்கீப்பர் முனியாண்டி, பகலில் மாட்டுவண்டி ஓட்டுகிறவன், சில நாள் எங்களுக்கும் முன்னால் ஓடுவான். கும்பலிலிருந்து எப்படியோ பந்து என் காலுக்கு வந்து சேரும். நான் அடிப்பேன். உள்ளே போனால் கோல். போகாவிட்டால் எல்லோரும் ரப்பர் காட்டுக்குள் நுழைந்து பந்தைத் தேடுவோம்.

இந்த முறையில் ஆற்றுக்கு அக்கரைத் தோட்டத்திடம் மூன்று வருஷம் வரிசையாகத் தோற்றோம். அக்கரைத் துரை கிளப்பில் எங்கள் துரையைப் பார்க்கும்போதெல்லாம் சிரித்தாராம். அந்தச் சிரிப்பைத் தாங்க முடியாமல்தான் எங்கள் துரை ஒருநாள் ஈப்போ பாடாங் திடலில் ஆட்டம் பார்க்கப் போனார். அங்கே ஒரே ஆள் ஐந்து கோல் போட்டார். யாரென்று விசாரித்தால், ஓர் ஆஸ்பத்திரியில் டிரஸராம். டாக்டர் எட்டிப் பார்க்காத தோட்டங்களில் மருந்து கலக்கிக் கட்டுக்கட்டி உயிரைக் காப்பாற்றுகிறவர்தான் டிரஸர். எங்கள் தோட்ட ஆஸ்பத்திரியில் எட்டு மாதமாக டிரஸரே இல்லை. ஆயா அந்தோணியம்மா காய்ச்சலுக்கும் கட்டிக்கும் ஒரே மருந்தைக் கொடுத்துச் சமாளித்துக்கொண்டிருந்தார். துரைக்கு அது அன்றைக்குத்தான் நினைவுக்கு வந்தது.

ஐந்து கோல்காரர் வருகிறார் என்றதும் சுங்காய் ஸ்டேஷனுக்கு மாலையோடு போனோம். ரயில் நின்றது. ஆறடி உயரத்தில், அரிசி மூட்டைபோல் தோளுள்ள ஒருவர் இறங்கினார். எங்கள் கேப்டன், ஸ்டோர் கிராணி தாவீது அண்ணன், ஓடிப்போய் மாலையைப் போட்டார். முனியாண்டி அவர் காலைத் தொட்டே பார்த்துவிட்டான்.

“என்னங்க விசேஷம்?” என்றார் அவர். தையல் மெஷின் விற்கிறவராம். வாழைப்பழம் வாங்க இறங்கினாராம். விஷயம் புரிவதற்குள் ரயில் ஊதிவிட்டது. மாலையோடு ஏறிப் போய்விட்டார்.

பிளாட்பாரத்தில் மிச்சம் இருந்தது ஒரே ஒருவர். மூக்குக் கண்ணாடி, கையில் குடை, கறுப்புப் பை.

“என்னையக் கூட்டிட்டுப் போக யாரோ வாராங்கன்னு சொன்னாங்க. நீங்கதானா?”

தாவீது அண்ணன் அவர் கால்களைப் பார்த்தார். கொக்குகூட இதைவிடக் கொழுத்த காலில் நிற்கும். “அலாமாக்!” என்று முனகினார். “துரைய எவனோ நல்லா ஏமாத்திட்டான்லா.”

முதல் நாள் பயிற்சிக்கு டிரஸர் பந்தைத் தொடவே இல்லை. எங்களை வரிசையாக நிற்கவைத்து நாக்கை நீட்டச் சொன்னார். கீழிமையை இழுத்துப் பார்த்தார். உள்ளங்காலைத் தூக்கிப் பார்த்தார்.

“வெறுங்காலோட காட்டுல நடக்கிறீங்க. எல்லாருக்கும் வயித்துல பூச்சி இருக்கு. பூச்சிக்குச் சோறு போட்டுட்டு நீங்க எப்படி ஓடுவீங்க?”

சனிக்கிழமை சாயங்காலம் கோஷ்டி முழுவதுக்கும் பூச்சி மருந்து, அதற்கு மேல் விளக்கெண்ணெய். ஞாயிற்றுக்கிழமை திடலில் பந்து மட்டும்தான் இருந்தது. நாங்கள் பதினொரு பேரும் ஆளுக்கொரு ரப்பர் மரத்துக்குப் பின்னால் இருந்தோம்.

ஆனால் அடுத்த வாரம் அவர் கண்ணாடியைக் கட்டுத்துணியால் தலையோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு திடலில் இறங்கியபோது எங்கள் வாய் மூடவே இல்லை. அந்தக் கொக்குக் கால்களுக்கு நடுவில் பந்து, வளர்த்த பூனைமாதிரி கூடவே போயிற்று. நான்கு பேரைத் தாண்டி வந்து, முனியாண்டி எந்தப் பக்கம் விழுவான் என்று பொறுமையாகப் பார்த்து, மறுபக்கம் தட்டிவிட்டார். தட்டிவிட்டு, “அடி படலியே?” என்று அவனைக் கேட்கவும் செய்தார்.

தொல்லை என்னவென்றால், அவர் பந்தை ஆள் இல்லாத இடத்துக்கு அனுப்புவார்.

“யாருக்குங்க அனுப்புனீங்க? அங்க யாருமே இல்லையே!” என்பார் தாவீது அண்ணன்.

“நீங்க அங்க இருந்திருக்கணும்லா.”

பிறகுதான் மருந்துச் சீட்டு எழுதுவதுபோல ஒவ்வொருவருக்கும் இடம் எழுதிக் கொடுத்தார். “தாவீதண்ணே, நீங்க நடுவுல. முனியாண்டி, நீ கம்பத்தை விட்டு நகரக் கூடாது. சின்னக் கிராணி, நீங்க வலது ஓரம். சாப்பாட்டுக்கு முன்ன, பின்ன, எப்பவும் வலது ஓரம்.”

வலது ஓரம்! ஐந்து வருஷம் நடுவில் நின்று கோல் போட்டவன் நான். என்னைப் பார்க்கவே தொழிலாளர் குடியிருக்கும் லயத்துச் சனங்கள் திடலுக்கு வருகிறார்கள் என்று நம்பியிருந்தவன். வயிறு எரிந்தது. வெளியே தலையை ஆட்டிவைத்தேன். ஆட்டத்தில் மட்டும், டிரஸர் எத்தனை நல்ல இடத்தில் நின்று கையைத் தூக்கினாலும் பந்தை அவருக்குக் கொடுப்பதில்லை என்று தீர்மானித்துக்கொண்டேன். இரண்டு ஆட்டம் அப்படியே நடத்தினேன். இரண்டிலும் தோற்றோம்.

திங்கட்கிழமை ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லி ஆள் வந்தது. சண்டைக்குத் தயாராகப் போனேன். டிரஸர் என்னை உட்காரவைத்து, சுவரில் எழுத்து அட்டையை மாட்டினார்.

“படிங்க.”

“எதுக்கு?”

“ரெண்டு ஆட்டமாப் பாக்கிறேன். பத்தடி தூரத்துல நிக்கிறேன். நான் நிக்கிறது உங்களுக்குத் தெரியல. சின்ன வயசு, பாவம். இப்பவே பாத்துரணும்.”

மனுஷர் கேலி செய்யவில்லை. கண் கலங்கி நின்றார். ஒருவன் வேண்டுமென்றே பந்தைக் கொடுக்காமல் இருப்பான் என்பது அவர் புத்திக்கு எட்டவே இல்லை. நான் என்ன செய்வது? பொறாமை என்று ஒப்புக்கொள்ள வாய் வரவில்லை. அட்டையில் கடைசி இரண்டு வரி தெரியவில்லை என்று சொல்லிவைத்தேன்.

விளைவு, தினமும் மூன்று வேளை மீன் எண்ணெய், பெரிய கரண்டியில். அந்தோணியம்மா ஆபீசுக்கே வந்து பெரிய கிராணி முன்னால் மூக்கைப் பிடித்து ஊற்றிவிட்டுப் போவார். பேரேடெல்லாம் மீன் வாடை. ஒரு வாரம் பல்லைக் கடித்தேன். எட்டாம் நாள் ஆட்டத்தில் கைக்கு எட்டியபோதெல்லாம், அதாவது காலுக்கு எட்டியபோதெல்லாம், பந்தை டிரஸருக்கே அனுப்பினேன். நான்கு கோல் போட்டார்.

“பாத்தீங்களாண்ணே!” என்று தாவீது அண்ணனிடம் பூரித்துப்போனார். “மீன் எண்ணெய் வேலை செய்யுது!”

அதன் பிறகு எங்களைப் பிடிக்க முடியவில்லை. சுற்றுவட்டாரத் தோட்டங்கள் எல்லாம் எங்களிடம் தோற்றன. அக்கரைத் தோட்டத்து ஆட்டம் வந்தது. அவர்களிடம் பின்னால் நின்று பந்தைத் தடுக்கும் முரட்டு பேக் ஒருவன் இருந்தான். அவன் உதைத்தால் பந்தோடு ஒரு பாத்தி புல்லும் பெயர்ந்து வரும். ஆகவே ‘மண்வெட்டி’ என்று பெயர். டிரஸர் அவனைத் தாண்டிக் கோலுக்கு நேரே போய்விட்டார். மண்வெட்டி முட்டியைப் பிடித்துக்கொண்டு, “ஐயோ சாக்கிட்! சாக்கிட்!” என்று விழுந்தான்.

டிரஸர் நின்றார். பந்தை அங்கேயே விட்டார். திரும்பிப் போய் அவன் பக்கத்தில் மண்டியிட்டு, “எங்க வலிக்குது? மடக்குங்க பாப்போம்” என்றார்.

“யோவ் டிரஸரே! பந்து! பந்துய்யா!” என்று தாவீது அண்ணன் கத்தினார்.

“இருங்கண்ணே, வீக்கம் பாக்கிறேன்.”

அவர் வீக்கம் பார்த்து முடிப்பதற்குள் அவர்கள் கோல் போட்டுவிட்டார்கள். கோலைப் பார்த்ததும் மண்வெட்டி எழுந்து குதித்தான். “நல்லாயிருச்சா? ரொம்ப சந்தோஷம்” என்றார் டிரஸர்.

சேதி தோட்டம் தோட்டமாகப் பரவிற்று. டிரஸரை நிறுத்த ஓட வேண்டாம், விழுந்தால் போதும். அடுத்த ஆட்டத்தில் எதிராளிகள் ஏழு பேர் விழுந்தார்கள். “ஒவ்வொருத்தரா வாரேன், அவசரப்படாதீங்க” என்று வரிசையாகப் பார்த்தார். நாங்கள் மறுபடி தோற்க ஆரம்பித்தோம்.

துரை கூப்பிட்டனுப்பினார். அவர் தமிழ் அவருடைய தொப்பியைப்போலவே கோணலாக இருக்கும். “டிரஸர்! நீ பந்து உதைக்க வந்தான்? கால் தடவ வந்தான்? அடுத்த மாசம் கப்பு. தோத்தா நீ வேற தோட்டம் போ. சுடா! முடிஞ்சுது!”

இதைக் கேட்டு லயமே கலங்கிவிட்டது. கோலுக்காக அல்ல. அவர் வந்த பிறகு, காலையில் ஆள் எண்ணும் பெரட்டில் மலேரியாவுக்கு ஆள் ஆளாகக் கொய்னா கொடுத்தார். கொசு சாக, சாக்கடையில் எண்ணெய் தெளிக்க வைத்தார். அந்த மழைக்காலத்தில் எங்கள் லயத்தில் ஒரு குழந்தைகூடச் சாகவில்லை. அதற்கு முந்தைய மழைக்காலங்களை நாங்கள் யாரும் பேசுவதில்லை.

வழி கண்டுபிடித்தது அந்தோணியம்மாதான். “அவரு கையில பை இருந்தாத்தானே வைத்தியம் பாப்பாரு? பையை எங்கிட்டக் குடுங்க. விழுறவனை நான் பாத்துக்கறேன்.”

அடுத்த ஆட்டத்தில் முதல் ஆள் விழுந்ததும், அந்தோணியம்மா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு திடலுக்குள் ஓடிவந்தார். அவன் முட்டியில் சிராய்ப்பு இருந்த இடத்தில் டிஞ்சரை அரைப் புட்டி கவிழ்த்தார். அவன் எழுந்து ஓடிய ஓட்டத்தை அந்த ஆட்டத்தில் வேறு யாரும் ஓடவில்லை. அதன் பிறகு ஒருவரும் விழவில்லை. தள்ளிவிட்டால்கூட விழவில்லை.

கப்பு ஆட்டம் அக்கரைத் தோட்டத்தோடு. இரண்டு துரைகளும் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். ஆளுக்கொரு கோல். இன்னும் ஐந்து நிமிஷம் இருக்கும். டிரஸர் நடுவிலிருந்து பந்தை எடுத்துக்கொண்டு கிளம்பினார். இரண்டு பேரைத் தாண்டினார். கோல்கீப்பரைத் தாண்டினார். முன்னால் வெறும் கோல், ஆறடி தூரம். பக்கவாட்டிலிருந்து மண்வெட்டி முழு வேகத்தில் சறுக்கிக்கொண்டு வந்தான். பந்து கிடைக்கவில்லை. அவன் கால் போய்க் கோல் கம்பத்தில் மோதியது.

சுள்ளி ஒடிவதுபோல ஒரு சத்தம்.

“அடி டிரஸரே! அடி!” என்று திடலே கூவிற்று. அந்தோணியம்மா வழக்கம்போல டிஞ்சரோடு ஓடிவந்து ஊற்றினார். மண்வெட்டி எழவில்லை. கத்தவும் இல்லை. அப்போதுதான் எங்களுக்குப் புரிந்தது.

டிரஸருக்கோ அதற்கு முன்பே புரிந்திருந்தது. பந்தை விட்டுவிட்டு அவன் தலைமாட்டில் இருந்தார். “யாராச்சும் கொடிக் கம்பைப் புடுங்கிட்டு வாங்க! சின்னக் கிராணி, சட்டையைக் கழட்டுங்க!”

இரண்டு கோஷ்டியும் கம்பு பிடுங்க ஓடிற்று. அக்கரைக்காரர்கள் ஒரு மூலை, எங்கள் ஆட்கள் ஒரு மூலை. நான் சட்டையைக் கழற்றிக்கொண்டே ஓடிவந்தேன். வழியில் பந்து கிடந்தது. எதிரே கோல் திறந்து கிடந்தது. ஐந்து வருஷத்துப் பழக்கம் என்னை விடுமா? உதைத்தேன். உதைத்துவிட்டுப் போய்ச் சட்டையைக் கொடுத்தேன்.

அவர் அதைக் கிழித்து, கம்புகளை வைத்து, கால் அசையாமல் கட்டினார். “ஒண்ணும் ஆகாது. நடப்பீங்க. என்னையப் பாருங்க, காலைப் பாக்காதீங்க” என்று அவனிடம் பேசிக்கொண்டே இருந்தார். முனியாண்டி வண்டியைத் திடலுக்குள்ளேயே ஓட்டிவந்தான். எங்கள் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

நடுவராக வந்திருந்த மலாய்ப் பள்ளி வாத்தியாரிடம் என் கோலைப் பற்றிக் கேட்டேன். “தாக் தெங்கோக் லா” என்று கையை விரித்தார். பார்க்கவில்லையாம். டிரஸர் அடிபட்டவனைக் கவனிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாராம். ஆட்டம் சமம், ஆளுக்கு ஆறு மாதம் கப்பு என்று முடிவாயிற்று.

எங்கள் துரை முகம் சிவந்து எழுந்தார். அதற்குள் அக்கரைத் துரை தொப்பியைக் கழற்றிக்கொண்டு வந்து, இந்த டிரஸரை எனக்குக் கொடுத்துவிடு, என்ன கேட்டாலும் தருகிறேன் என்றார்.

எங்கள் துரைக்கு ஒரு கணம்தான் ஆயிற்று. “முடியாது! இது என் டிரஸர்!” என்று கர்ஜித்தார். வேறு தோட்டம் என்ற பேச்சு அதோடு செத்தது.

மண்வெட்டி எங்கள் ஆஸ்பத்திரியில் இரண்டு மாதம் படுத்திருந்தான். அடுத்த வருஷம் அதே காலோடு வந்து எங்களுக்கு எதிராகக் கோல் போட்டான். திடலில் முதலில் கை தட்டியது எங்கள் டிரஸர்தான்.

அந்தக் கப்பு ஆட்டத்தில் நான் போட்ட கோலை ஒருவரும் பார்க்கவில்லையே என்று பல காலம் குறைப்பட்டேன். பந்து கம்பங்களுக்கு அப்பால் லாலாங் புல்லில் கிடந்தது. கம்பங்களுக்கு நடுவே போயிற்றா, வெளியே போயிற்றா என்று எனக்கும் தெரியாது. உதைத்த கையோடு திரும்பி, நானும் டிரஸரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.