உபயம்: தாமோதரன்

மாமல்லபுரத்துக்கு வடக்கே ஒரு மீனவக் குப்பத்து அம்மன் கோயில். ஆடி வெள்ளி, மாலை நான்கு மணி. மேள மிஷினில் மோட்டார் மட்டும் சுற்றியது. முரசை அடிக்கவேண்டிய குச்சிகள் அசையவில்லை.

மிஷினின் நெற்றியில் 'உபயம்: தாமோதரன்' என்று சிவப்பெழுத்து. தாமோதரன் அந்த ஊர் மாப்பிள்ளை. மறைமலைநகரில் ஒரு கார் உதிரிபாகக் கம்பெனியில் ஸ்டோர் கிளார்க். மகள் பிரபா கடும் காய்ச்சலில் கிடந்தபோது நேர்ந்துகொண்டு, அவள் பிழைத்ததும் வாங்கி வைத்தது. ஆறு மணி தீபாராதனைக்கு அது ஒலிக்காவிட்டால், அம்மனுக்குச் சொன்ன வார்த்தை பாதியில் நின்றுபோனதாகவே அவனுக்குத் தோன்றும்.

"ஒண்ணுமில்ல அண்ணாத்த," என்றான் பூசாரி பக்தவச்சலத்திடம். "மோட்டார் பலத்த அந்தாண்ட கொண்டுபோறது இந்த பெல்ட்டுதான். கப்புனு புடிச்சாத்தான் சக்கரம் சுத்தும். இது வழுக்கிகினு கீது."

மோட்டாரைப் பின்னால் நகர்த்தி பெல்ட்டை இறுக்கினான். முரசு முழங்கியது. வாசலில் பூ விற்கும் பூவாயி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். தாமோதரனுக்குக் கையெல்லாம் கிரீஸ். குழாயடிக்குப் போய்க் கழுவிவிட்டு வந்தால், பெல்ட் மறுபடி வழுக்கியது.

இன்னும் இறுக்கினான். முரசு அடித்தது, ஆனால் மோட்டார் முனகியது, தொட்டால் சுட்டது. பூசாரி விசிறியை எடுத்துவந்து, அம்மனுக்கு வீசும் அதே பயபக்தியோடு மோட்டாருக்கு வீசினார். தாமோதரன் ஒரு டீ குடித்துத் திரும்புவதற்குள் பழைய கதை.

மோட்டார் சக்கரம் சின்னது, பெல்ட்டுக்குப் பிடிமானம் போதவில்லை என்று முடிவுசெய்தான். பைக்கில் திருப்போரூர் போய்ப் பெரிய சக்கரம் வாங்கிவந்து மாட்டினான். பிடித்தது. ஆனால் மோட்டார் சக்கரம் பெருத்த அளவுக்கு மேளத்தின் வேகமும் ஏறியது. குச்சிகள் வெறிபிடித்து அடிக்க, பிள்ளைகள் குத்தாட்டம் போட்டார்கள். தெருவில் போன ஒருவர் சைக்கிளை நிறுத்தி எட்டிப் பார்த்தார்.

"இன்னாபா, யாராச்சும் செத்துப் பூட்டாங்களா?"

வேகத்தைக் குறைக்க வழி கேட்டுக் கம்பெனி நண்பனுக்குப் போன் செய்யத் தாமோதரன் வெளியே போனான். திரும்பியபோது அந்தக் கவலையே இல்லை. மேளம் அடியோடு நின்றிருந்தது.

மணி ஆறு. திரை விலகியது. தாமோதரன் சட்டையைக் கழற்றினான், மிஷினிலிருந்து குச்சிகளையும் கழற்றினான், தானே அடிக்க ஆரம்பித்தான். தாளம் எங்கெங்கோ போனது. ஆனால் ஒருவரும் சிரிக்கவில்லை. பூசாரி அவன் அடிக்கு ஏற்றபடி கற்பூரத் தட்டை மெதுவாகச் சுற்றினார்.

எல்லாம் முடிந்து, அவன் தூணில் சாய்ந்து, தன் மேல் அம்மனுக்கு என்ன கோபமோ என்று முணுமுணுத்தான். பூவாயி கையில் ஒரு கிண்ணத்தோடு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"மனச வுடாத மாப்ள," என்றாள். "நீ அப்பால போற ஒவ்வொரு தபாவும் நான்தான் அந்த பெல்ட்டுக்கு நல்லா வெளக்கெண்ண தடவி வுட்டுகினு கீறேன், பாவம், சாமிக்கு ஒழைக்கிறது காயக்கூடாதுல்ல."