பத்து நிமிடத்தில் வருபவர்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரும்பை உருக்குகிறவர்கள் உண்டு, கம்பியாக இழுக்கிறவர்கள் உண்டு, இழுத்த கம்பியை லாரியில் ஏற்றிவிட்டு முதுகைப் பிடித்துக்கொள்கிறவர்களும் உண்டு. இவர்கள் எல்லாருக்குள்ளிருந்தும் கிளைத்து வந்த ஓர் இனத்தை உங்களுக்கு அறிமுகப்படுத்துகிறேன். பெயர், பத்து நிமிடக்காரர். வசிப்பிடம், மனமகிழ் மன்றம்.

மன்றம் என்றதும் கலர் விளக்கையும் ஆட்டத்தையும் கற்பனை செய்துகொள்ளாதீர்கள். சத்தத்தைக் குறைத்து வைத்த ஒரு டிவி, பேருக்கு ஓடும் ஒரு ஏசி, ஆறு மேசைகள், அவற்றைச் சுற்றி மனம் மகிழ்ந்ததற்கான தடயம் எதையும் முகத்தில் காட்டாத உறுப்பினர்கள். அவ்வளவுதான்.

நம்மாள் முதல் ஷிப்ட் முடித்து மூன்றரைக்கு வருவார். சும்மா இந்தப் பக்கம் வந்ததாகச் சொல்வார். ஆறு வருடமாகத் தினமும் சும்மாதான் வருகிறார். அவர் நாற்காலியில் வேறு யாராவது உட்கார்ந்திருந்தால் கோபிக்க மாட்டார், அந்த ஆள் எழுந்து போகும்வரை அவர் தலைக்கு மேலே நின்று டிவி பார்ப்பார். பக்கத்து நாற்காலிக்காரர் கிளாசில் எவ்வளவு தண்ணீர் ஊற்றுவார், கடலைக்கு வெங்காயம் சேர்ப்பாரா மாட்டாரா, எந்தக் கட்சியைத் திட்டினால் எழுந்து போவார், எல்லாம் அவருக்கு அத்துப்படி. அந்த மனிதருக்கு எத்தனை பிள்ளைகள்? தெரியாது. ஏன் கேட்பதில்லை? கேட்டால் அவர் திருப்பிக் கேட்பாரே.

ஆறு மணிக்குச் சடங்கு ஆரம்பமாகும். ஒவ்வொருவராகப் போனை எடுத்து, நாலு பேருக்குக் கேட்கிற குரலில் வீட்டுக்குப் பேசுவார்கள். பத்தே நிமிஷம், கிளம்பிட்டேன், வழியில இருக்கேன். அதட்டலாகப் பேசுகிறவர் உண்டு, குழைகிறவர் உண்டு. பேசி முடித்ததும் ஒரு பெருமூச்சு, "இன்னா பண்றது, ஊட்ல விடமாட்டேன்றா" என்று ஒரு சலிப்பு. அந்தச் சலிப்பில் இருக்கிற பெருமையைப் பார்க்க வேண்டுமே. தன்னைத் தேட ஓர் ஆள் உண்டு என்பதற்கு அதைவிடப் பெரிய சான்றிதழ் அந்த மேசையில் கிடையாது.

எங்கள் மேசையில் இந்தச் சடங்கை மிக அழகாகச் செய்கிறவர் எபினேசர். உருக்காலையில் போர்மேன். "ஏஞ்சலின், மீன் குழம்பா? நீ சாப்பிடு, எனக்காக உட்கார்ந்திருக்காதே" என்று அவர் சொல்லும்போது பக்கத்து மேசையில் கூடப் பேச்சு நிற்கும். ஏஞ்சலின் இறந்து பதினான்கு மாதம் ஆகிறது. ரொம்ப நாள்வரை மன்றத்தில் யாருக்கும் தெரியாது. அடக்கம் முடிந்து ஐந்தாம் நாள் வந்து உட்கார்ந்தவரை ஊரில் இல்லையா என்று கேட்டோம், ஆமாம் என்றார், அதோடு சரி. உலகத்தில் வேறு எங்கு போனாலும் அவர் மனைவியை இழந்தவர். எங்கள் மேசையில் மட்டும் இன்னும் புருஷன். அந்த ஒன்றுக்காகத்தான் வந்தார், பாவம்.

ஒருநாள் ஆறு மணிக்கு அவர் போனில் சார்ஜ் தீர்ந்துவிட்டது. அடுத்த நாற்காலி லோகுவிடம் கையை நீட்டினார். லோகு ரோலிங் மில்லில் கிரேன் ஓட்டுகிறவன், தினமும் ஐந்தே முக்காலுக்கே மனைவி செண்பகத்தை அதட்டிப் பேசி முடித்துவிடுகிறவன். அன்றைக்குப் போனைத் தர அவனுக்குக் கை வரவில்லை. மேசையே பார்க்கிறது, எப்படி மறுப்பது? கொடுத்தான்.

எபினேசர் எண்ணை அழுத்திக் காதில் வைத்தார். ஒரு பெண் குரல், ரீசார்ஜ் காலம் முடிந்துவிட்டது, இந்த எண்ணிலிருந்து யாரையும் அழைக்க முடியாது என்று மிக மரியாதையாகச் சொன்னது. முடிந்து நான்கு மாதமாம். செண்பகம் மகளைக் கூட்டிக்கொண்டு செவ்வாப்பேட்டையில் உள்ள தாய்வீட்டுக்குப் போய் இரண்டு வருடம். யாரையும் அழைக்காத போனுக்கு எதற்கு ரீசார்ஜ்?

எபினேசர் ஒரு வினாடிதான் தயங்கினார். பிறகு, "ஏஞ்சலின், கிளம்பிட்டேன்" என்று அந்தக் குரலிடமே பேசினார். அந்தப் போனிலிருந்து எவரோடும் பேச முடியாது என்று அவரைத் தவிரத் தெரிந்த ஒரே ஆள் லோகு, தலையைக் குனிந்து கடலையைப் பொறுக்கிக்கொண்டிருந்தான். போன் திரும்பி வந்தது. இருவர் குட்டும் இருவருக்கும் தெரிந்துவிட்டது. ஒருவர் வாயைத் திறந்தால் போதும், இரண்டு பேரும் அந்த மேசைக்குத் திரும்பி வரவே முடியாது.

லோகுதான் திறந்தான்.

"அண்ணி இன்னா சொன்னாங்கண்ணா?"

எபினேசர் நாற்காலியைப் பின்னால் தள்ளினார்.

"சீக்கிரம் வரச் சொன்னா. உன்னையும் கூட்டிக்கினு வரச் சொன்னா."

இருவரும் எழுந்து போனார்கள். எபினேசர் வீட்டில் மீன் குழம்பு இல்லை. ரசம்தான், அதிலும் உப்பு இல்லையாம். சுவரில் இருந்த படத்தைப் பார்த்து லோகு வணக்கம் சொன்னானாம். இதெல்லாம் அவன் என்னிடம் சொன்னது. எதற்கு என்னிடம் சொன்னான்? போன வாரம் நான் வீட்டுக்குப் பேசி முடித்ததும் என் போனையும் ஒரு நிமிடம் கேட்டு வாங்கிப் பார்த்தான், பயல்.

நீங்கள் இந்த இனம் இல்லை, தெரியும். குடிக்காதவர், மன்றம் இருக்கும் தெருவுக்கே போகாதவர். ஆனால் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி, இன்ஜினை அணைத்து, உள்ளே போகாமல் சீட்டிலேயே உட்கார்ந்து இதைக் கடைசி வரிவரை படித்துவிட்டீர்களே, அது ஏன்?