வெளிநாட்டுப் பாலம்

ஓட்டுக் கேட்டு வருகிறவரிடம் ஓட்டுப் போடுகிறவர் நாலு கேள்வி கேட்பது நல்ல வழக்கம். அதற்கு ஒரு வாயும் ஒரு காதும் இருந்தால் போதும். இவ்வளவு எளிதாக ஒரு காரியம் நடப்பது ஆபத்து என்று மேலிடத்துக்குப் பட்டதால், அந்த உள்ளாட்சித் தேர்தலின்போது கொல்லிமலையில் 'வாக்காளர் வினா ஒழுங்குமுறைப் பிரிவு' என்று ஒன்றை ஏற்படுத்தி, சவரிமுத்து என்பவரை வினா அலுவலராக அனுப்பிவைத்தார்கள். அவர் கடலோர மாவட்டத்துக்காரர். எழுபது கொண்டை ஊசி வளைவுகளையும் கண்ணை இறுக மூடிக்கொண்டே கடந்து வந்தவர். மலையைப் பற்றி அவருக்குத் தெரிந்ததெல்லாம் கையிலிருந்த சுற்றறிக்கைதான். அதில் மலையைப் பற்றி ஒன்றும் இல்லை.

மலையிலே பத்துக் குக்கிராமம் சேர்ந்தால் அதற்கு 'நாடு' என்று பெயர். ராஜா காலத்துப் பெயர். ராஜா போய்விட்டார், பெயர் நிற்கிறது. மாராயி இருப்பது ஆலத்தூர் நாடு. அன்னாசியும் மிளகும் போட்டிருக்கிறாள். அவள் காட்டை ஒட்டி ஓர் ஓடை. ஓடைக்கு அந்தப் பக்கம் பைல் நாடு. பஸ், ரேஷன் கடை, ஆஸ்பத்திரி மூன்றும் அந்தப் பக்கம்தான். ஐப்பசி மழையில் ஓடை கழுத்தளவு போகும். மாராயியின் மகள் தாரணிக்குப் பிரசவத்துக்கு நாள் குறித்திருப்பதும் ஐப்பசியில்தான். ஆகையால் மாராயிக்கு இருந்தது ஒரே ஒரு கேள்வி.

பள்ளிக்கூடத்துத் தாழ்வாரத்தில் வினா அலுவலகம். வாசலில் 'தயங்காமல் கேளுங்கள்' என்று ஒரு பெரிய ஃப்ளெக்ஸ். பக்கத்தில், கேட்டு முடித்தவர்கள் செல்ஃபி எடுத்துக்கொள்ள ஒரு பூச்சட்டம்.

"ஏனுங்க, ஒரு கேள்வி கேக்கோணுங்க," என்றாள் மாராயி.

"வாயால கேட்கக் கூடாதும்மா. நடத்தை விதி இருக்கு. படிவத்துல எழுதி மூணு பிரதி குடுங்க."

தாரணியை விட்டு எழுதவைத்துக் கொண்டுவந்தாள். 'ஆலத்தூர் நாட்டுக்கும் பைல் நாட்டுக்கும் நடுவில் உள்ள ஓடையில் பாலம் எப்போது கட்டுவீர்கள்?'

சவரிமுத்து இரண்டு தரம் படித்தார். எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"அம்மா, இது ரெண்டு நாட்டுப் பிரச்சினை."

"ஆமாங்க. ரெண்டு நாட்டுச் சனமும் தாண்டற ஓடைதானுங்க."

"நீங்களே ஒத்துக்கிறீங்க. உள்ளாட்சி வேட்பாளர்கிட்ட உள்ளூர் விஷயம் மட்டும்தான் கேட்கலாம். நாட்டுப் பிரச்சினைன்னா டெல்லி. ரெண்டு நாட்டுக்கு நடுவுல தண்ணி ஓடுதுன்னா அது வெளியுறவு."

"டெல்லிக்கும் இதுக்கும் என்னங்க? எங்கூட்டு வாசல்ல நின்னா ஓடை தெரியுமுங்க!"

"எல்லைக்கு அவ்வளவு பக்கத்துலயா குடியிருக்கீங்க?" என்று கவலையோடு கேட்டுக் குறித்துக்கொண்டார்.

மாராயி விடுகிற ஆளில்லை. "தமிழ்நாடுன்னு கூடத்தான் நாடு வருதுங்க. அதையும் டெல்லிக்கு அனுப்பிருவீங்களா?"

"தமிழ்நாடு ஒரு மாநிலம்னு ஆவணமே இருக்கும்மா. பைல் நாடு நாடு இல்லைன்னு உங்ககிட்ட ஆவணம் இருக்கா?"

அவளிடம் ரேஷன் அட்டைதான் இருந்தது. அதிலும் ஆலத்தூர் நாடு என்றே போட்டிருந்தது. சவரிமுத்து அதை வாங்கிப் பார்த்து, ஆதாரமாக ஒரு நகல் எடுத்துக்கொண்டார்.

மறுநாள் வேறு மாதிரி எழுதிக்கொண்டு போனாள். 'ஓடையில் பாலம் எப்போது கட்டுவீர்கள்?' நாடே இல்லை.

"எந்த ஓடை? இடம் குறிப்பிடாத வினா செல்லாது."

"ஆலத்தூர் நாட்டு ஓடைங்க."

"பார்த்தீங்களா, திரும்பவும் நாடு வருது."

பக்கத்து வீட்டு ராசப்பன் கொண்டுபோன கேள்விக்கும் இதே கதிதான். நாட்டுக்கோழிக்கு ஊசி போட டாக்டர் எப்போது மேலே வருவார் என்று அவர் கேட்டிருந்தார். 'தேசியப் பறவை குறித்து ஏற்கெனவே முடிவெடுக்கப்பட்டு, மயில் என அறிவிக்கப்பட்டுள்ளதால் இவ்வினா மறுக்கப்படுகிறது' என்று சிவப்பு மையில் பதில் வந்தது. ராசப்பன் அந்தக் காகிதத்தைக் கோழிக்கூட்டிலேயே செருகிவைத்துவிட்டார்.

மாராயி நேராக வேட்பாளர்களிடமே போனாள். கதிரேசனுக்குச் சாலை உருளைச் சின்னம். மாராயியின் ஊர் அதுவரை கண்ட ஒரே சாலை உருளை அதுதான். அவர் கையெடுத்துக் கும்பிட்டார். "அக்கா, பதில் சொல்ல நாக்கு துடிக்குதுங்க. விதி வுடமாட்டேங்குது பாருங்க." எதிர்த்து நின்ற ருக்குமணிக்குப் பூட்டுச் சாவிச் சின்னம். அவரும் அதே விதியை அதே துக்கத்தோடு சொன்னார். இரண்டு எதிரிகள் ஒரு விஷயத்தில் இவ்வளவு ஒற்றுமையாக இருந்தது அந்தத் தேர்தலில் இதில் மட்டும்தான்.

நாலாவது தடவை போனபோது மாராயிக்குக் கால் கடுத்துவிட்டது. பன்னிரண்டு படிவம் வீணானது. சவரிமுத்துவோ பசியில் வாடிப்போய் உட்கார்ந்திருந்தார். எவ்வளவு எரிச்சலாக இருந்தாலும் வளர்த்த விதம் விடுமா? "செரி போகட்டுமுங்க. நீங்க சாப்பிட்டீங்களா?" என்றாள்.

சவரிமுத்து நிமிர்ந்தார். கண்ணில் வெளிச்சம்.

"என்ன கேட்டீங்க?"

"சாப்பிட்டீங்களான்னு கேட்டனுங்க."

"நாடு இல்லை. எல்லை இல்லை. இடம் குறிப்பிடவே வேண்டியதில்லை. யார் மனசும் புண்படாது." மளமளவென்று அவரே மூன்று பிரதியும் எழுதி முத்திரை குத்தினார். வந்த இருநூற்றுப் பதினான்கு வினாக்களில் அங்கீகரிக்கப்பட்ட ஒரே வினா அதுதான்.

ஞாயிற்றுக்கிழமை, அங்கீகரித்த வினாவை வேட்பாளர்களிடம் கேட்கும் கூட்டம். பந்தல், மைக், நேரத்தை அளக்கப் பள்ளிக்கூட மணி. மாராயிக்குச் சிறந்த வினாவுக்கான சான்றிதழை மாலையோடு கொடுத்தார்கள். லேமினேஷன் பண்ணியிருந்தார்கள். அவள் மைக்கைப் பிடித்து, வெட்கம் பிடுங்கித் தின்ன, "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டாள்.

கதிரேசன் உணவுப் பாதுகாப்பைப் பற்றியும் பசியில்லா ஒன்றியத்தைப் பற்றியும் மணி மூன்று தரம் அடிக்கும்வரை பேசினார். சாப்பிட்டாரா இல்லையா என்பது கடைசிவரை தெரியவில்லை. ருக்குமணி ஒரே வரிதான் சொன்னார்.

"இன்னும் இல்லீங்க்கா. காலையில இருந்து உங்களையெல்லாம் பாக்கத்தான் சுத்தீட்டிருக்கறேன்."

கூட்டம் முழுக்க "அச்சச்சோ!" என்றது. ராசப்பன் பலாச்சுளை எடுத்துவர ஓடினார். பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். மாராயி தன் சோற்றுத் தூக்குப்போசியைத் திறந்து மேடைக்கே கொண்டுபோய் நீட்டினாள். சொல்லவே சங்கடமாக இருக்கிறது, ஆனாலும் உண்மையைச் சொல்லத்தானே வேண்டும்: தேர்தலன்று அவளும் பூட்டுச் சாவிக்குத்தான் குத்தினாள். ருக்குமணி அமோகமாக ஜெயித்தார்.

ஐப்பசி வந்தது. ஓடையும் வந்தது. ஒருநாள் பட்டப்பகலில் தாரணிக்கு வலி எடுத்தபோது ஆம்புலன்ஸ் அந்தக் கரையில் நின்று விளக்கைச் சுழற்றிக்கொண்டிருந்தது. மாராயி கவுன்சிலருக்குப் போன் போட்டாள். "அது டெல்லி விஷயமுங்களே, அக்கா," என்றார் ருக்குமணி. குரலில் உண்மையான வருத்தம் இருந்தது. ராசப்பனும் இன்னும் ஏழு பேரும் கம்பளியில் தூளி கட்டி, கழுத்தளவு தண்ணீரில் தாரணியைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு போனார்கள். மாராயி கரையில் நின்று தெரிந்த சாமியை எல்லாம் கூப்பிட்டாள். அந்தக் கரையில் ஆம்புலன்ஸ் கதவைச் சாத்துவதற்குள் பெண் குழந்தை பிறந்தது. தாயும் சேயும் நலம்.

ஒரு மாதம் கழித்து, பிறப்பைப் பதிவு செய்ய மாராயி குழந்தையைத் தூக்கிக்கொண்டு போனாள். தேர்தல் முடிந்ததும் வினாப் பிரிவைக் கலைத்து, சவரிமுத்துவை அதே மேசையில் பிறப்புப் பதிவுக்கு மாற்றியிருந்தார்கள்.

"பிறந்த இடம் பைல் நாடு. தாயார் ஆலத்தூர் நாடு," என்று படித்தார் அவர். "வெளிநாட்டுப் பிறப்பு. தூதரகத்துச் சான்று வேணும். தாயாரோட பாஸ்போர்ட் இருக்கா?"

"தண்ணிக்குள்ள தூக்கீட்டு ஓடுனோமுங்க. பாலம் இருந்திருந்தா..."

"பாலம் இல்லைன்னா அதைத் தேர்தலப்பவே கேட்டிருக்கணும்மா." சவரிமுத்து கோபப்படவில்லை, பொறுமையாகத்தான் சொன்னார். "இருநூறு பேருக்கு மறுத்து, உங்க ஒருத்தருக்குத்தான் கேள்வி கேட்க வாய்ப்புக் குடுத்தோம். அதை என்ன பண்ணினீங்க?"

மாராயிக்கு நெஞ்சில் சுருக்கென்றது. வீட்டில் சுவரில் மாட்டியிருக்கும் சான்றிதழ் கண்முன் வந்தது. அந்த நேரம் பார்த்துக் குழந்தை வீறிட்டு அழுதது.

சவரிமுத்துவின் முகம் இளகிவிட்டது. பேனாவைக் கீழே வைத்துவிட்டு, குனிந்து பார்த்தார்.

"பாப்பா சாப்பிட்டுச்சாம்மா?"

எவ்வளவு நல்ல மனுசன் என்று வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் தலையாட்டினார்கள். தன்னை அறியாமல் மாராயியும் ஆட்டினாள்.