ஐப்பசியில் ஹீட்டர் போட்ட முசே

வேர்த்து விறுவிறுத்துக்கொண்டே குளிர்காய்ந்த ஒரே மனிதர் இந்தப் பூமியில் எங்கள் காரைக்கால் தெருவில்தான் இருந்தார். மறுப்பவர்கள் ஐப்பசி மாதத்துப் பகல் ஒன்றரை மணிக்கு ஜன்னலையெல்லாம் சாத்திவிட்டு, ஸ்வெட்டர் போட்டு, குரங்குக் குல்லாய் மாட்டி, கம்பி சிவந்த ஹீட்டருக்கு முன்னால் பத்து நிமிஷம் உட்கார்ந்துவிட்டு வந்து என்னோடு பேசட்டும்.

அவருக்குத் தாய் தகப்பன் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். அவர் வீட்டு மாடியில் நான் குடியிருந்த நாலு வருஷத்தில் தெருவில் ஒருத்தர்கூட அதைச் சொல்லிக் கேட்டதில்லை. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கி, மனைவியைப் பிரான்ஸிலேயே அடக்கம் செய்துவிட்டுத் தனியாக ஊர் திரும்பியவர். அங்கே இருந்து வந்தவர்களை எங்கள் பக்கம் முசே என்போம். இவர் ஹீட்டர் முசே.

நான் அப்போது கீழவாஞ்சூர் துறைமுகத்தில் ஒரு கப்பல் ஏஜென்சியில் குமாஸ்தா. குடிபோன வருஷம், ஐப்பசி பிறந்து முதல் ஞாயிற்றுக்கிழமை, காலரில் ஒட்டியிருந்த நிலக்கரித் தூளைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். முசே படிக்கட்டில் நின்று குரல் கொடுத்தார்.

"தம்பி, இன்னிக்கி ஹீட்டர் போடறேன். கீழ வாங்க!"

நம் ஊரில் ஹீட்டர் என்றால் குளிக்க வெந்நீர். குடித்தனக்காரனைக் கூப்பிட்டு வெந்நீர் கொடுக்கும் வீட்டுக்காரர் எந்த ஊரில் கிடைப்பார்? நெகிழ்ந்துபோய், இடுப்பில் துண்டும் கையில் சோப்பு டப்பாவுமாக இறங்கினேன். ஹாலில் அவர் ஸ்வெட்டரும் குல்லாயுமாக உட்கார்ந்திருக்கிறார். எதிரே கம்பி இரண்டும் சிவந்த ஹீட்டர். தலைக்கு மேலே ஃபேன் முழு வேகத்தில் ஓடுகிறது. அவர் என் துண்டைப் பார்த்தார். நான் அவர் குல்லாயைப் பார்த்தேன். யாருக்கு மூளை கலங்கியிருக்கிறது என்று இரண்டு பேருக்குமே சந்தேகம்.

"என்னா தம்பி இந்தக் கோலத்துல?"

"நீங்கதானே முசே, ஹீட்டர்னு..."

"ஆமா. நானும் ஹீட்டரும் தெரியற மாதிரி ஒரு போட்டோ எடுங்க."

எடுத்தேன். "ஃபேன் எதுக்குங்க ஓடுது?"

"வெக்கையா இருக்குல்ல?" என்றார், என்னைப் பரிதாபமாகப் பார்த்து.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. தெருவில் விசாரித்தால் குழப்பம் கூடியதே தவிரக் குறையவில்லை. வாத நோய்க்கு வைத்தியம் என்றார் ஒருவர். கோழிக்குஞ்சு பொரிக்கப் பார்க்கிறார் என்றார் இன்னொருவர். பென்ஷன் வாங்குகிறவர்கள் வருஷத்துக்கு ஒருநாள் குளிர்காய்ந்து காட்ட வேண்டும், பிரெஞ்சு சட்டம் அப்படி என்றார் சட்டமே படிக்காத மூன்றாமவர். ஹாலில் ஹீட்டருக்குப் பிளக் வைக்க, பக்கத்துப் பூவம் கிராமத்திலிருந்து வந்த எலக்ட்ரீஷியன்தான் பாவம். சுவரையும் தரையையும் அரைமணி நேரம் சுற்றிப் பார்த்துவிட்டு, "தண்ணி எந்தப் பக்கமா வெளிய போவும் முசே? ஹால்லயா குளிக்கப் போறீங்க?" என்று கேட்டவன் அவன்.

மறுவருஷம் அதே ஞாயிறு. முசே சுவிட்சைத் தட்டினார், தெருவே ஃபியூஸ் போனது. எதிர்வீட்டு அமலி அக்கா மாவுக் கையோடு புயல் மாதிரி உள்ளே வந்தார். நானும் பின்னாலேயே இறங்கிப் போனேன்.

"நீங்க குளுரு காயறதுக்கு எங்க வீட்டு மாவு பாதியில நிக்கணுமா முசே?"

முசே உதட்டில் விரல் வைத்துப் போனைக் காட்டினார். போனுக்குள் கம்பளிப் போர்வைக்கு நடுவே ஒரு முகம். பிரான்ஸில் இருக்கும் மகள் தெரேஸ்.

"ப்பா, ஒங்க ஹீட்டர் எரியலயே?"

"இப்பதாம்மா அணைஞ்சுது. பேச்சு மாறக் கூடாது. நான் போட்டேன்ல, நீ போடு!"

விஷயம் அன்றுதான் வெளியே வந்தது. தெரேஸ் அங்கே தனியாக இருக்கிறாள். குளிர் தொடங்கினாலும் வீட்டு ஹீட்டரைத் தொடமாட்டாள். போர்வையே போதும் என்று மாதக்கணக்கில் இழுப்பாள். அப்படி இழுத்து ஒரு வருஷம் நெஞ்சில் சளி கட்டி, ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்தாள். இவர் இங்கிருந்து தினமும் நச்சரிக்க, ஒருநாள் எரிச்சலில், "வெயில்ல ஒக்காந்துகிட்டுச் சொல்றது ஈசிப்பா. மொதல்ல நீங்க போடுங்க, அப்பறம் நான் போடறேன்" என்று சொல்லிவிட்டாள். சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னது. பட்டாளத்துக்காரர் அதை உத்தரவாக எடுத்துக்கொண்டு ஆன்லைனில் ஹீட்டர் வரவழைத்துவிட்டார்.

ஊரில் மற்றவர்கள் பிள்ளைகளிடம் சாப்பிட்டாயா என்று கேட்பதை இவர் ஹீட்டர் போட்டாயா என்று கேட்கிறார், அவ்வளவுதான். எனக்குப் புரிந்த மாதிரியும் இருந்தது, புரியாத மாதிரியும் இருந்தது. போட்டோவுக்கு ஒரு நிமிஷம் போட்டால் போதாதா? எதற்கு ஸ்வெட்டர், எதற்கு ஃபேன்?

மூன்றாம் வருஷம் அந்த ஞாயிறு வந்தபோது விடாமழை. எங்கேயோ மரம் சாய்ந்து, காலையிலிருந்து கரண்ட் இல்லை. முந்தின வாரமே தெரேஸ் போனில் இருமிக்கொண்டிருந்தாள். முசே பன்னிரண்டு மணிக்கே குல்லாய் மாட்டி, எரியாத ஹீட்டருக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டார். முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை.

"பழைய போட்டோவ அனுப்பிடலாமே முசே" என்றேன்.

"அவளும் பழைய போட்டோவ அனுப்புவா தம்பி."

வாசலில் நின்ற அமலி அக்காதான் தன் போனை எடுத்தார். பூவத்து எலக்ட்ரீஷியன் கல்யாணங்களுக்கு ஜெனரேட்டர் வாடகைக்கு விடுகிறவன். "ஜெனரேட்டரத் தூக்கிட்டு ஒடனே வாடா. முசே ஹீட்டர் போடணும்."

"குளிக்கவாக்கா?" என்றான் அவன், இத்தனைக்கும் பிறகு.

ஒன்றேகாலுக்கு மழையில் நனைந்தபடி வந்து சேர்ந்தான். அவன் ஜெனரேட்டர் ஹீட்டரை மட்டும்தான் இழுக்கும், ஃபேனை இழுக்காது. வேடிக்கை பார்க்க வந்த தெருக்காரர்கள் ஒரு டஜன் பேர், சாத்திய ஜன்னல், எரிகிற ஹீட்டர். ஒன்றரைக்குப் போன் அடித்தபோது எல்லோரும் தொப்பலாக நனைந்திருந்தோம். மழையில் நனைந்தவன் எலக்ட்ரீஷியன் ஒருவன்தான்.

தெரேஸ் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். "யாருப்பா இவ்ளோ பேரு?" என்று சிரிக்கப் போய் இருமல் பிடித்துக்கொண்டது. அடங்குவதற்கு வெகுநேரம் ஆனது.

"போடும்மா" என்றார் முசே.

எழுந்து போனாள். ஜன்னலுக்குக் கீழே இருந்த ஒரு வெள்ளைப் பெட்டியின் குமிழைத் திருகிவிட்டுப் போனில் காட்டினாள்.

"செவக்கவே இல்லயே. பொண்ணு ஏமாத்துது முசே, நம்பாதீங்க" என்றார் அமலி அக்கா.

"அந்த ஊரு ஹீட்டர் செவக்காதும்மா" என்றார் முசே. ஆனால் அவருக்கே சந்தேகம் தட்டிவிட்டது. "தெரேஸ், கைய வச்சுப் பாத்துச் சொல்லு."

அவள் பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்தாள். அது சூடேற நேரம் எடுத்தது. நாங்கள் போனுக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

"சுடுதுப்பா."

காய்ச்சல் பார்ப்பதுபோல முசே புறங்கையைப் போன் மேல் வைத்தார். வைத்து, எங்களைத் திரும்பிப் பார்த்தார்.

"ஆமா. சுடுது" என்றார்.

தெருவே தலையாட்டியது. ஹீட்டருக்கு ஒரு முழத்தில் பிடித்திருந்த போன் சுடாமல் வேறென்ன செய்யும்? அதைச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. வேர்வை தாடையில் சொட்ட அவர் சிரித்துக்கொண்டிருந்தார். அந்த மனிதரை எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது.